இரண்டு பக்கமும் கேட்கிறது

நான் செய்தது தப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் யாரும் என்னை நிறுத்தி, "பெத்தவ செய்யற வேலையா இது?" என்று கேட்க வேண்டாம். கேட்டால் எனக்குக் கோபம் வரும். வேதாவுக்குக் கோபம் மூக்கு மேலே என்பது எங்கள் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும்.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆடி மாதம். அண்ணாமலையார் மலை தெரிகிற வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீக்கடை வைத்திருந்தோம். கடைக்குப் பின்னாலேயே ஓட்டு வீடு, வாடகைக்கு. நாங்கள் என்றால் நான், என் வீட்டுக்காரர் ராஜேந்திரன், பதினோரு மாதத்துப் பெண் சிந்துஜா. வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கட்டிக்கொண்டதற்காகக் கூப்பிடுவதில்லை, நிஜமாகவே அவர் எனக்குத் தாய்மாமன். என் அம்மா ஜோதியம்மாளின் கூடப்பிறந்த தம்பி.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும், தம்பிக்குத்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா சகாதேவனுக்கு இஷ்டமில்லை. "சொந்தத்துல வேணாம்டி. ஆஸ்பத்திரியில போர்டே எழுதி வெச்சிருக்கான். அசல்ல பாக்கலாம்" என்றார். அம்மா இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா வேர்க்கடலை போட்டிருந்த கொல்லையிலிருந்து வந்து, "கட்டிக் குடு. நாளைக்குக் கொழந்தைக்கு எதுனா ஒண்ணுன்னா, உன்னை இந்த வூட்ல வெச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் அப்பா வாயில் வார்த்தை லேசில் வராது. வந்தால் மாறாது.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். மாமாவை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் தெருப் பால்வாடிக்கு வியாழக்கிழமைதோறும் பாஞ்சாலை டீச்சர் வருவார். பால்வாடி டீச்சர் வேறு. இவர் ஊரில் இருந்த ஒரு சங்கத்திலிருந்து வருகிறவர். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பார்ப்பதுதான் அவர் வேலை. கழுத்து நின்றதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, பிடித்துக்கொண்டு நிற்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்த்து ஒரு மஞ்சள் கார்டில் எழுதுவார். எதிலாவது பிள்ளை பின்தங்கியிருந்தால் வீட்டுக்கே வந்து, என்ன செய்ய வேண்டும் என்று தாய்க்குச் சொல்லிக் கொடுப்பார். பக்கத்துத் தெருவில் கால் பின்னிக்கொண்டு படுத்தே கிடந்த ஒரு பையனை, அவன் அம்மா கையாலேயே உட்கார வைத்துவிட்டார். டீச்சருக்கே ஒரு கால் போலியோவில் சூம்பியது. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ எங்க வூட்ல ரெண்டு வருஷம் மந்திரிச்சுட்டுதான் டாக்டர்கிட்ட போனாங்க. அதான் உங்க உயிரை வாங்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

காது பார்ப்பது எப்படி என்றால், தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார வேண்டும். எதிரே பால்வாடி ஆயா ஒரு கிளி பொம்மையை ஆட்டுவார். பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பொம்மையைச் சட்டென்று முந்தானைக்குள் ஒளித்துவிடுவார். அந்த நேரத்தில் டீச்சர் பின்னாலிருந்து, பிள்ளையின் கண்ணில் படாமல், காதுக்கு நேராக ஒரு முழம் தள்ளிச் சத்தம் கொடுப்பார். கிலுகிலுப்பை, சின்ன மணி, டம்ளர் விளிம்பில் கரண்டியைத் தேய்க்கிற சத்தம். வலப்பக்கம் மூன்று தடவை, இடப்பக்கம் மூன்று தடவை. சத்தம் வந்த பக்கம் பிள்ளை திரும்ப வேண்டும்.

சிந்து திரும்பவில்லை. ஆறு தடவையில் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கிளி எங்கே போயிற்று என்று ஆயாவின் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் சோதித்த பிள்ளை, டீச்சர் மணியை எடுக்கும்போதே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"சளி எதுனா இருந்துதா, வேதா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆமா டீச்சர். நேத்துக்கூட மூக்கு ஒழுவுச்சு" என்றேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அப்ப அடுத்த வியாழக்கிழமை திரும்பப் பாத்துடலாம். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா வேலூர் அனுப்பி மிஷின்ல பாக்கணும். பயப்படாத. இந்த வயசுல கண்டுபுடிச்சா எவ்வளவோ செய்யலாம்." கார்டைத் திருப்பிக்கொண்டார். "சொந்தத்துல கட்டுனதா, அசலா?"

சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள் பிள்ளையும் மடியுமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அப்பா துண்டை உதறியதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அசல்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். சிந்துவைத் தரையில் உட்கார வைத்து, கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று கை தட்டினேன். அப்புறம் தட்டைத் தட்டினேன். கடைசியில் அண்டா மூடியை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டேன். "இன்னாடி ஒடைக்கற?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. என் பெண் கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அம்மா மேல், அப்பா மேல், எல்லோர் எதிரிலும் அந்தக் கேள்வியைக் கேட்ட டீச்சர் மேல், மலையாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிற அண்ணாமலையார் மேல். என் மேல் மட்டும் வரவில்லை.

அந்தப் புத்தி எப்படி வந்தது என்று சொல்கிறேன். மறுநாள் மடியில் வைத்துச் சோறு ஊட்டும்போது அவள் இடுப்பில், வலப்பக்கம், என் விரல் அழுந்தியது. சட்டென்று வலப்பக்கம் திரும்பி என் கையைப் பார்த்தாள். இடப்பக்கம் அழுத்தினேன். இடப்பக்கம் திரும்பினாள். புத்தி கெட்டுப்போக ஒரு நிமிஷம் போதும்.

விரலைச் சர்க்கரையில் தொட்டு வைத்துக்கொண்டேன். வலப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் இனிப்பு, இடப்பக்கம் அழுத்தினால் இடப்பக்கம் இனிப்பு. மூன்றாம் நாள் அழுத்தியதும் திரும்பினாள். ஐந்தாம் நாள் சர்க்கரையே வேண்டியிருக்கவில்லை. எதிரே பொம்மையைக் காட்டினாலும் அழுத்தியதும் தலை திரும்பியது. அவ்வளவு சூட்டிகை என் பெண். எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

புதன்கிழமை மாமாவை ஒத்திகைக்கு வைத்துக்கொண்டேன். பால்வாடியில் பிள்ளை திரும்பவில்லை என்பதைத் தவிர அவருக்கு எதுவும் தெரியாது. "மாமா, பின்னால நின்னு சாவிக்கொத்தை ஆட்டுங்களேன், பாப்பா திரும்பறாளா பாப்போம்" என்றேன். ஆட்டினார். திரும்பினாள். மறுபக்கம் ஆட்டினார். மறுபக்கம் திரும்பினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவளுக்கா காது கேக்கலன்னு சொன்னாங்க? திருடன் வந்தா இவதான் மொதல்ல புடிப்பா" என்றார்.

வியாழக்கிழமை ஆறுக்கு ஆறு. ஒரு தடவை டீச்சர் சத்தமே கொடுக்காமல் வெறும் கையை மட்டும் நீட்டியிருக்கிறார், பிள்ளை சும்மா திரும்புகிறதா என்று பார்க்க. அப்படி ஒரு வழக்கம் உண்டாம். எனக்குத்தான் காது கேட்குமே. சத்தம் வரவில்லை, நான் அழுத்தவில்லை, சிந்து திரும்பவில்லை. டீச்சருக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

கார்டில் எழுதினார்: இரண்டு பக்கமும் கேட்கிறது.

"போன வாரம் பூரா எனக்கு மனசே சரியில்ல, வேதா. நல்ல வேளை, சளிதான்" என்று சொல்லிச் சிந்துவின் கன்னத்தைக் கிள்ளினார். அவர் கண் கலங்கியிருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. பூமி எதற்குப் பிளக்கும்? கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாமா அதைக் கண்ணாடி போட்டு மாட்டாததுதான் குறை. கடையில் டீ ஆற்றுகிற பட்டறைக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாள்கூட நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். டீச்சரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால், சிந்துவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவேன். வியாழக்கிழமைகளில் கடையில் எனக்கு வேலை ஜாஸ்தியாகிவிடும். "பாப்பா நல்லாதான டீச்சர் இருக்கா, அவளுக்கு எதுக்கு?" என்பேன். அவருக்கும் என் பெண்ணைவிடக் கஷ்டமான பிள்ளைகள் எத்தனையோ இருந்தார்கள்.

எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்ளவும் பழகினேன். ஒரு நாள் வேகமாகக் கதவு சாத்தியபோது திரும்பினாள். ஆகா, கேட்கிறது என்று குதித்தேன். கதவு சாத்தும்போது அடித்த காற்றுக்குத் திரும்பியிருக்கிறாள். எட்டு மாதத்தில் ம்மா ம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் "தா", "போ" என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "சில பொண்ணுங்களுக்குப் பேச்சு லேட்டாதான் வரும். வந்தா உன்ன மாதிரி வாய் ஓயாது பாரு" என்று மாமா என்னைக் கேலி செய்தார். நான் சிரித்தேன்.

கார்த்திகை தீபத்துக்கு அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். மாமா சிந்துவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே அரோகரா என்று கத்தியது. எங்களுக்குப் பின்னாலேயே யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்டான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. சிந்து மாமாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு தீபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்கூடச் சிமிட்டவில்லை.

"பாத்தியா, ஒரு பயம் இல்ல. என் தம்பி ரத்தம்" என்று அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "அசல்ல குடுத்திருந்தா இப்படி ஒண்ணு கெடச்சிருக்குமா?"

அப்பா சிந்துவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் முழுங்கிவிட்டேன். நான் பயந்தது அம்மாவுக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காகவும்தான்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை அது நடந்தது. சிந்துவுக்கு ஒன்றரை வயது. நன்றாக நடப்பாள். காலை பத்து மணிக்குக் கடையில் கூட்டம். மாமா வடை போட்டு முடித்துவிட்டு, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைத் துணியால் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, பின்னால் வைக்க வந்தார். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். வழியில் சிந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"பாப்பா, தள்ளு" என்றார் மாமா. "சிந்து! தள்ளு! ஏய் சிந்து!"

ரோடு வரைக்கும் கேட்கிற கத்தல். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தாள், நேராகச் சட்டிக்கு அடியில். மாமா உடம்பை முறுக்கிச் சட்டியைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். எண்ணெய் அவருடைய இடது முழங்கையில் கொட்டியது. சட்டி கீழே விழுந்து மறுபக்கம் உருண்டது. பிள்ளை மேல் ஒரு சொட்டுப் படவில்லை, அண்ணாமலையார் புண்ணியம்.

அப்போதுதான் திரும்பினாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மாமா அவளை அறைந்தார். பளாரென்று, கன்னத்தில். அதுவரைக்கும் ஒரு அதட்டல்கூடப் போடாத மனுஷன். "மூணு தரம் கத்தறேன், உன் பாட்டுக்கு நிக்கற! காது கேக்குதுல்ல? இவ்ளோ கொழுப்பா?" என்று மறுபடியும் கையை ஓங்கினார். பெஞ்சியில் இருந்த ஒருத்தர், "இப்பவே அடக்கி வைப்பா, பொட்டப்புள்ள" என்றார். நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். அவள் உடனே அழவில்லை. வாயைத் திறந்தபடி அப்பாவையே பார்த்தாள். எதற்கு என்று தெரியாத பார்வை. அப்புறம்தான் அழுகை வந்தது, கரகரவென்று, ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு அழுகை.

அந்த அறையை அடித்தது மாமா இல்லை, நான்தான். ஏழு மாதம் முன்பே அடித்துவிட்டேன், அன்றைக்குத்தான் கன்னத்தில் விழுந்தது. இதற்கு மேலும் வாயைத் திறக்கவில்லை என்றால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு மாமா மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். முகம் செத்திருந்தது. "அடிச்சுட்டேனே, வேதா" என்றார்.

"மாமா, அவளுக்குக் காது கேக்காது."

"லூசு மாதிரி பேசாத. கார்டு இருக்குது."

நான் பாயில் உட்கார்ந்து சிந்துவை மடியில் வைத்துக்கொண்டேன். "சாவிக்கொத்தை எடுத்துட்டுப் பின்னால வாங்க."

"இப்ப இன்னாத்துக்கு வெளையாட்டு?"

"வாங்க மாமா."

வந்தார். ஆட்டினார். சிந்து திரும்பவில்லை. இன்னொரு தடவை காதோரமாகவே ஆட்டினார். திரும்பவில்லை. "எம்மேல கோவமா இருக்கா" என்றார்.

"இப்ப ஆட்டுங்க" என்று சொல்லி அவள் இடுப்பை அழுத்தினேன். திரும்பினாள்.

"இப்ப ஆட்டாதீங்க, சும்மா நில்லுங்க." மறுபக்கம் அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. சிந்து மறுபக்கம் திரும்பினாள்.

மாமா என் கையைப் பார்த்தார். அவள் இடுப்பைப் பார்த்தார். சாவிக்கொத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை தொட்டது, சளி என்று சொன்னது, அசல் என்று சொன்னது, எதையும் விடவில்லை.

"எதுக்கு?" என்றார்.

"அப்பா அம்மாவைத் துரத்திடுவாருன்னு. எல்லாரும் சொந்தத்துல கட்டுனதாலதான்னு சொல்லுவாங்கன்னு. உங்களுக்கு என் மூஞ்சியப் பாத்தாலே அதுதான் ஞாபகம் வரும்னு."

"உங்கப்பனுக்குப் பயந்துகிட்டு எம்பொண்ணை..." என்றார். என்னை அடித்திருக்கலாம். அடித்தால் நல்லா இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் தன்னுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் வெளியே போனார். சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. திரும்பி வந்தபோது, மலையடியில் இருக்கிற ஆசிரமத்துப் பக்கம் நடந்தே போய்விட்டு வந்ததாகச் சொன்னார்.

மறுநாள் வியாழக்கிழமை. மாமா கடையைத் திறக்கவில்லை. சிந்துவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நான் கார்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மற்ற பொம்பளைகள் வருவதற்கு முன்பே டீச்சரைப் பிடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை, எல்லோரும் இருந்தார்கள். இருக்கட்டும், தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன்.

பாஞ்சாலை டீச்சர் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார்.

"ஏழு மாசம், வேதா. ஏழு மாசம்! பேச்சு வர்றதுக்குன்னு ஒரு பருவம் இருக்குதுடி. அது உனக்காகக் காத்துட்டு இருக்காது. என்னை ஏமாத்துனேன்னு நெனச்சுக்கினியா? எனக்கு இன்னா போச்சு? வூட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்கும். இது இன்னா பண்ணும், சொல்லு?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பு எம்மேலயும் இருக்குது. உன் கையை நான் பாத்திருக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை டவுன்ல கேம்ப்" என்றார் டீச்சர். "வேலூர்லேர்ந்து டாக்டருங்க மிஷினோட வர்றாங்க. காதுல மாட்டற மிஷினும் அளவு எடுத்துக் குடுப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தரம்தான். பதினெட்டுப் பேர் லிஸ்ட் திங்கக்கிழமையே குடுத்தாச்சு."

"அப்ப எம்பொண்ணு?" என்றார் மாமா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பத்தொம்பதுன்னு கையால எழுதிக்கினு போய் நானே நிக்கறேன். எடுத்துக்குவாங்களா மாட்டாங்களான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. திட்டுனா வாங்கிக்கறேன். ஆனா நான் திரும்பப் பாத்துதான் எழுதணும்." என்னைப் பார்த்தார். "நீ தள்ளி உக்காரு. அவரு மடியில வெக்கட்டும்."

நான் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். மாமா கட்டுப் போட்ட கையை ஒதுக்கிவைத்து, சிந்துவை மடியில் வைத்துக்கொண்டார். ஆயா கிளியை ஆட்டினார், ஒளித்தார். டீச்சர் வலப்பக்கம் மணி அடித்தார். மாமா திரும்பினார். சிந்து திரும்பவில்லை. கிலுகிலுப்பை. மாமாவின் தலை மறுபடியும் வலப்பக்கம் போயிற்று. "நீங்க திரும்பாதீங்கண்ணா" என்றார் டீச்சர். "சரிங்க" என்றார். இடப்பக்கம் மணி அடித்ததும் மறுபடியும் திரும்பினார். அவரால் திரும்பாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பி, பிறகு குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தார்.

முடிந்ததும் டீச்சர் பழைய வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். கார்டைத் திருப்பினார். கேட்கத் தயங்கினார். மாமாவே சொன்னார்.

"அக்கா பொண்ணுதாங்க இவ. சொந்தம்தான். எழுதிக்குங்க."

ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். சொல்லட்டும். அப்பா அம்மாவை என்ன செய்யப் போகிறார் என்கிற பயம் எனக்கு அப்போதும் இருந்தது, அவர்களுக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லையே என்று மனசும் அடித்துக்கொண்டது. ஆனால் அதையெல்லாம் சிந்து தலையில் கட்ட இனி எனக்குத் தைரியம் இல்லை.

மாமா அவளைப் பாயில் இறக்கிவிட்டார். ஆயா கொடுத்த கிளியை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் கெடைக்கற வரைக்கும் நான் இன்னா பண்றதுங்க?" என்று மாமா கேட்டார். "அடுப்பு இருக்குது, ரோடு இருக்குது. இவளை எப்படிக் கூப்புடறது?"

"பின்னாலேர்ந்து கூப்புடாதீங்கண்ணா. முன்னால வாங்க. அவ ஒசரத்துக்குக் குனிஞ்சு, உங்க மூஞ்சி அவளுக்குத் தெரியறாப்புல வெச்சுக்கினு பேசுங்க. அவ கண்ணைப் பாத்து, வாயை நல்லா அசைச்சு. இதுக்கு மிஷின் வேணாம். இப்பவே ஆரம்பிக்கலாம்."

மாமா எழுந்து முன்பக்கம் வந்தார். அவள் எதிரே மண்டியிட்டு, முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். கிளியின் மேல் நிழல் விழுந்ததும் சிந்து நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கிளியைப் போட்டுவிட்டு, கையைத் தூக்கிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அடிக்க மாட்டேம்மா" என்றார் மாமா. "அப்பா அடிக்க மாட்டேன். இனிமே அடிக்கவே மாட்டேன், சிந்தும்மா." சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது?

நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

டீச்சர் மாமாவின் தோளைத் தொட்டார். "தொடாதீங்கண்ணா, அவசரப்படாதீங்க. அவளே கண்ணைத் தொறப்பா. அதுவரைக்கும் இப்படியே இருங்க."

மாமா மண்டியிட்டபடியே இருந்தார். நானும் போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.